அக்காவுக்குக் கோபம் வரும் நேரங்கள்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். இரண்டு நாள் துணி வாளியில். துவைக்கவில்லை.

மதியம் ஜாசின் கடைத்தெருவில் இந்த நோட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி போன வாரம் சொன்னது. "அக்காவுக்குக் கோபம் வர்றப்ப எல்லாம் எழுதி வைங்க. எத்தனை மணி, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு, நீங்க என்ன செஞ்சீங்க, எவ்ளோ நேரம் இருந்துச்சு. அடுத்த தடவை டாக்டர் கேப்பாரு." சின்னப் பெண். சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்ன.

சரி, எழுதுகிறேன்.

மணி: காலை 6.50.
முன்னால்: ஒன்றுமில்லை. சூடாகக் காப்பி கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள்.
நடந்தது: கப் சுவரில். "எந்தக் களவாணி என் வீட்ல பூந்து காப்பி கலக்குறா?" களவாணி நான்தான். கூடப் பிறந்த தங்கை. வயது ஐம்பத்தாறு. வீடும் என் வீடு.
நான் செய்தது: துடைத்தேன்.
எவ்வளவு நேரம்: முக்கால் மணி. அதற்குள் களவாணியிலிருந்து கிராணி பொண்டாட்டி ஆகிவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் அக்கா பால்மரம் வெட்டிய காலத்தில் ஆபீஸ் கிராணிக்கு, கணக்கு எழுதும் குமாஸ்தாவுக்கு, ஒரு மனைவி இருந்தாள். அக்காவோடு குழாயடியில் சண்டை போட்டவள். அவள் செத்து இருபது வருடம் ஆகிறது. அவள் வாங்க வேண்டியதை எல்லாம் இப்போது நான் வாங்குகிறேன்.

7.35க்குப் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் யா வந்தாள். நான் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் அக்காவோடு இருப்பவள் அவள்தான். அக்கா முகம் அப்படியே மாறியது. "யா! சுடா மாக்கான்?" சாப்பிட்டாயா என்று விசாரிப்பு, சிரிப்பு, பக்கத்தில் உட்காரச் சொல்லி உபசாரம். என் பிளவுஸில் காப்பிக் கறை.

கிளினிக்குக்குப் பத்து நிமிடம் லேட்.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். துணி துவைத்தாயிற்று.

மாலை 5.30. தம்பி சேகர் ஜொகூரிலிருந்து போன். இந்த முறை சொல்லியே தீருவது என்று இருந்தேன். இடது கண்ணில் புரை முற்றிவிட்டது, 28ஆம் தேதி ஆபரேஷன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, முக்கியமாகக் கண்ணில் அடி கிடி படக் கூடாது. அக்கா கையெல்லாம் நேராக என் முகத்துக்குத்தான் வருகிறது. இரண்டே இரண்டு வாரம் அவளை வைத்துக்கொள் என்றேன்.

"பெரியக்காகிட்ட குடு, பேசுறேன்."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"சேகரா? நல்லா இருக்கியா ராஜா? புள்ளைங்க சாப்பிட்டுச்சா? சின்னவனுக்குச் சளி விட்டுச்சா? எனக்கென்ன, நல்லா இருக்கேன். பத்மாதான் பாவம், வேலைக்குப் போயிப் போயி மெலிஞ்சுட்டா."

ஒரு வார்த்தை பிசகவில்லை. சின்னவனுக்குச் சளி என்று எனக்கே தெரியாது.

"சின்னக்கா, நல்லாத்தானே பேசுறாங்க! என் பேருகூட மறக்கல. நீதான் சும்மா டென்ஷன் ஆவுற லா. கொஞ்சம் பொறுமையா இரு."

போனை வைத்தேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ யாரு? சேகர் போன் ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?"

மணி 7.10. சோறு, பொரித்த மீன். நான்கு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். மீன் தரையில். எனக்கு விஷம் வைக்கிறாள் என்று ஜன்னல் வழியாகத் தெருவுக்கே அறிவிப்பு. ஐம்பது நிமிடம்.

பொறுமையாக இருக்க வேண்டுமாம்.

ஜூலை 9, புதன்

இந்த நோட்டை மிஸ்ஸிக்குக் காட்டப் போவதில்லை. அவளுக்கு வேண்டியதைத் தனித் தாளில் எழுதிக் கொடுத்தால் போகிறது. இது எனக்கு.

அக்கா என்னோடு சண்டைக்கு வரும் காரியங்கள்:
குளிக்க வைத்தால்.
பல் விளக்கச் சொன்னால். (ஒரு மாதமாகப் பிரஷ்ஷைத் தொட விடுவதில்லை. வாயைக் கையால் மூடிக்கொள்கிறாள், சின்னப் பிள்ளை மாதிரி.)
டிவியில் யாராவது அழுதால்.
நான் பேசினால்.
நான் பேசாமல் இருந்தால்.

இன்று சோதித்துப் பார்க்கலாம் என்று டிவியை அணைத்தே வைத்தேன். குளியல் அமைதியாக முடிந்தது. முதுகு தேய்த்தபோது "நல்லாருக்கு பாப்பா" என்றாள். பாப்பா என்று கூப்பிட்டு எத்தனை நாளாகிறது. மனசு இளகி, அவளுக்குப் பிடிக்குமே என்று பருப்பு வடை சுட்டேன். சுடச்சுடத் தட்டில் வைத்தேன். பாதி வடை. வடையை என் மேல் எறிந்தாள்.

டிவி இல்லை. குளியல் முடிந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. நான் பேசவே இல்லை.

எழுதி என்ன பிரயோஜனம்?

ஜூலை 10, வியாழன்

அரை நாள் லீவு போட்டு மலாக்கா டவுன் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. காக் யாவிடம் பேங்குக்கு என்றேன்.

சுத்தமான இடம். குறை சொல்ல ஒன்றுமில்லை. கூடத்தில் வரிசையாக நாற்காலி, எல்லா நாற்காலியும் டிவியைப் பார்த்து. ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒம்பதாம் நம்பர் பஸ் போயிருச்சாம்மா?" என்று கேட்டார். போயிருச்சு என்றேன். "அப்ப நாளைக்குப் போவோம்" என்றார். கோபமே இல்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய், அக்காவை அங்கே விட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது.

நிரப்பித் தர ஒரு பாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பெயர், வயது, ஐசி அடையாள அட்டை நம்பர் எல்லாம் எழுதினேன். "சேர்ப்பதற்கான காரணம்" என்று ஒரு கட்டம். இரண்டு விரல் அகலம்கூட இல்லை. அதில் என்ன எழுதுவது? காலியாக விட்டு டிராயரில் வைத்தேன்.

மாலையில் அக்கா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். யாரோ சொல்லிவிட்டது மாதிரி. எனக்குத் திக்கென்றது. முறைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நானும் கிட்டே போகவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மணி: மாலை 6.40.
முன்னால்: மைலோ கொடுத்தேன்.
நடந்தது: சூடான மைலோ என் தொடை மேல். வேண்டுமென்றே, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கவிழ்த்தாள். பிறகு என் தலைமுடியைப் பிடித்தாள்.
நான் செய்தது: அடித்தேன்.

அப்படியே எழுதுகிறேன். வேறு மாதிரி எழுத வராது. முடியைப் பிடித்த கையைப் பிரித்தெடுத்து, அந்தக் கை மேலேயே இரண்டு அடி. ஓங்கித்தான். இரண்டாவது தேவையே இல்லை. முதல் அடியிலேயே விட்டுவிட்டாள்.

எவ்வளவு நேரம்: உடனே நின்றது. மூலையில் போய் நின்றுகொண்டாள். "அடிக்காதீங்க தண்டல், நாளைக்குச் சீக்கிரமா வேலைக்கு வந்துர்றேன்." கிராணி பொண்டாட்டியிலிருந்து, தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் தண்டலாகப் பதவி உயர்வு.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போனபோது, அக்காவுக்கு இருபத்து நான்கு. என் மேலும் சேகர் மேலும் அவள் ஒரு நாளும் கை நீட்டியதில்லை. ஒரு நாளும்.

மணிக்கட்டில் சிவந்திருக்கிறது. எண்ணெய் தடவப் போனேன். கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

ஜூலை 12, சனி

சொல்லாமல் கொள்ளாமல் சேகரும் அவன் மனைவி மாலதியும் காரில் வந்து இறங்கினார்கள். கையில் டுரியான். "பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்."

வேறு நாள் கிடைக்கவில்லையா?

அக்கா வாசலுக்கே ஓடிவந்தாள். மாலதியைக் கட்டிப்பிடித்தாள். "வாம்மா, வெயில்ல கறுத்துப் போயிட்டியே." டுரியானைச் சேகர் வெட்ட வெட்ட நான்கு சுளை சாப்பிட்டாள். மெல்ல மெல்ல, இடது பக்கமாகவே, கண்ணை மூடிக்கொண்டு. சேகர் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். பார்த்தாயா என்று அர்த்தம்.

பிறகு அவனிடம் கையை நீட்டிக் காட்டினாள். "இவ அடிக்கிறா சேகர். சோறு கேட்டா அடிக்கிறா."

மணிக்கட்டு நீலம் பாய்ந்திருந்தது. மாலதி என்னைப் பார்க்கவில்லை. டுரியான் தோலைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

"என்ன சின்னக்கா இது?"

"அடிச்சேன்."

"என்னா பேச்சுக்கா இது?"

"கேட்ட, சொன்னேன். முடியைப் புடிச்சாங்க, அடிச்சேன். ஒனக்கு வேணும்னா நீ வந்து இருந்து பாரு."

வெளியே போய்விட்டான். காருக்குப் பக்கத்தில் நின்று சிகரெட். ராத்திரி தங்குவது என்று முடிவாயிற்று. எனக்காக இல்லை, அக்காவைக் காவல் காக்க.

ஜூலை 13, ஞாயிறு

காலை மழை. கொஞ்சம் குளிர்ந்தது.

காலைப் பசியாற நேரம். மாலதி டப்பாவிலிருந்து முறுக்கு எடுத்து அக்காவுக்குக் கொடுத்தாள். அவளே சுட்டதாம். "சாப்பிடுங்க பெரியண்ணி, மொறுமொறுன்னு இருக்கும்." அக்கா சிரித்துக்கொண்டே வாங்கினாள். சிரித்துக்கொண்டே கடித்தாள். அடுத்த வினாடி மாலதி கன்னத்தில் பளார்.

மூக்குக்கண்ணாடி பறந்து மேசைக்கு அடியில் போயிற்று.

"கல்லக் குடுத்துக் கொல்லப் பாக்குறியா? நாசமாப் போறவளே! ஏய் கிராணி பொண்டாட்டி!"

சேகர் எழுந்து, "பெரியக்கா! பெரியக்கா, மாலதி அது!" என்றான். அவனுக்கும் ஒன்று விழுந்தது. "நீ யாருடா? எங்க சேகரு எங்க?"

நாற்பது நிமிடம். சேகர் சுவரோரமாக நின்றான். நானும் மாலதியும்தான் சமாளித்தோம்.

உண்மையை எழுதுகிறேன். மாலதி மேல் கை விழுந்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அப்பாடா என்று. அசிங்கமான சந்தோஷம். ஆனாலும் சந்தோஷம்.

பன்னிரண்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். சாயங்காலம் வரை இருப்பதாகத்தான் பேச்சு. "வேலை இருக்குது லா சின்னக்கா. ஆபரேஷன் விஷயமா போன் பண்றேன்." மாலதி கார் ஏறும் முன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். ஒரு பக்கக் கன்னம் சிவப்பு.

மீதி முறுக்கை நான் தின்று தீர்த்தேன்.

ஜூலை 14, திங்கள்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் கிளினிக்கில் கூட்டமில்லை. நான் வேலை செய்வது பல் கிளினிக். இருபத்தெட்டு வருடமாக அதே கவுண்டர். புதிதாக வந்த ஒரு சீனத் தாத்தாவுக்குப் பாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தினமும் கேட்கிற கேள்விதான். எப்போதிலிருந்து? சூடாகக் குடித்தால் வலிக்கிறதா? கடித்தால் வலிக்கிறதா? எந்தப் பக்கம்? அவர் வாயைத் திறக்காமல், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினார். எரிந்து விழும் முகம். கூட வந்த மகள் மலாயில் சொன்னாள்: "ஒரு வாரமா வீட்ல எல்லார்கிட்டயும் சண்டை."

பேனா நின்றுவிட்டது.

கைப்பையிலிருந்து இந்த நோட்டை எடுத்தேன். சூடான காப்பி. பொரித்த மீன். பருப்பு வடை. சூடான மைலோ. முறுக்கு. டுரியான் மட்டும் ஒன்றும் செய்யவில்லை, அது மெத்தென்று இருக்கும், அதையும் இடது பக்கமாகவே தின்றாள். ஒரு மாதமாகப் பிரஷ் வேண்டாம் என்று வாயை மூடுகிறாள். கன்னத்தில் கை.

எல்லாம் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். மணியோடு.

ஆயிரம் பேரிடம் எந்தப் பக்கம் வலி என்று கேட்டிருப்பேன். வீட்டில் ஒருத்தியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வலி என்ற வார்த்தையே அவளிடம் இப்போது இருக்கிறதோ என்னவோ. பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்கள்தான் வலிக்க வைக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். நினைக்கத்தானே செய்வாள். சூடான கப்பைக் கையில் கொடுப்பது நான்.

மாலை வீட்டுக்குப் போனதும் அவள் வலது கன்னத்தில் மெல்ல விரல் வைத்துப் பார்த்தேன். கடிக்க வந்தாள். பதில் கிடைத்துவிட்டது.

ஜூலை 15, செவ்வாய்

இன்றே முடித்துவிடுவது என்று காலையிலேயே கூட்டிப் போனேன். காரில் ஏற்ற அரை மணி நேரம். காக் யா கூட வந்ததால் ஏறினாள். காக் யா கூப்பிட்டால் நரகத்துக்கும் போவாள்.

டாக்டரம்மா பல் நாற்காலியைச் சாய்த்து, மலாயில் மெதுவாகப் பேசினார். வாய் திற மாச்சிக், பெரியம்மா, ஒன்றும் செய்ய மாட்டேன், பார்க்கத்தான் போகிறேன். அக்கா அழகாகத் திறந்தாள். பள்ளிக்கூடத்தில் பல் பார்க்க வந்தவர்களிடம் பிள்ளைகள் திறப்பது போல.

கீழ் வலது கடைவாய்ப் பல். வேர் வரை சொத்தை, சுற்றிச் சீழ். பல் ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. டாக்டரம்மா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "பத்மா, இது நேத்து வந்தது இல்ல. ஒரு மாசம், அதுக்கும் மேல. எப்படித் தாங்குனாங்க?"

தாங்கவில்லையே டாக்டர். தினமும் ஊருக்கே கேட்கும்படி சொன்னாளே.

ஊசி போட்டபோது என் கையை இறுக்கிப் பிடித்தாள். நான் அடித்த அதே கையால். நீலம் மஞ்சளாகிவிட்டது. பல் வந்ததும் டாக்டரம்மா விரலையும் ஒரு கடி கடித்தாள். கையுறை இருந்ததால் தப்பித்தார். பஞ்சைக் கடித்துக்கொண்டு காரில் வரும்போது என்னைப் பார்த்து, "பல்லப் புடுங்கிட்டா, கிராணி பொண்டாட்டி" என்று காக் யாவிடம் புகார். தமிழில். காக் யாவும் புரிந்த மாதிரி "யா லா, யா லா" என்று தலையாட்டினாள்.

இரவுக்குக் கஞ்சி, ஆற வைத்து. முழுக் கிண்ணமும் குடித்தாள்.

ஜூலை 18, வெள்ளி

இரண்டு நாள் எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை! மூன்று நாளாக ஒன்றும் பறக்கவில்லை.

ஆடி வெள்ளி. செலண்டார் பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கூழ். துணிந்து கூட்டிப்போனேன். இரண்டு கிண்ணம் கூழ் குடித்தாள். வெங்காயம் வேண்டாம் என்றாள், நான் கிள்ளி எடுத்துவிட்டேன். கோயில் கமிட்டி அம்மா ஒருத்தர்: "ராஜம்மா நல்லாத்தானே இருக்குது. மறதின்னு சொன்னாங்க?" வழக்கமாக இந்தப் பேச்சுக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று வரவில்லை.

வரும் வழியில்: "பாப்பா, ஒனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?"

"இல்லக்கா."

"ஏன்?"

"நேரம் இல்ல."

"சரி விடு" என்றாள். கொஞ்சம் தூரம் போனதும், "எனக்கு?"

மாமா போய்ப் பதினோரு வருடமாகிறது. "ஆச்சுக்கா. நல்ல மனுசன்." சிரித்துக்கொண்டாள்.

சேகருக்குப் பல் விஷயத்தைச் சொன்னேன். "பாத்தியா, நான் சொன்னேன்ல, அக்கா நல்லாத்தான் இருக்காங்கன்னு." போனைச் சுவரில் எறியத் தோன்றியது. எறிந்தால் நானும் அக்காவும் ஒன்றாகிவிடுவோம். ஆபரேஷன் விஷயம்? "பாக்குறேன் லா." இல்லத்துக்குத் தரும் பாரம் டிராயரிலேயே கிடக்கட்டும். வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

அவசரப்பட்டுவிட்டேன்.

மணி 5.20. முன்னால்: ஒன்றுமில்லை. இந்த முறை நிஜமாகவே ஒன்றுமில்லை. சாப்பாடு இல்லை, சூடு இல்லை, வாய் ஆறிவிட்டது, டார்ச் அடித்துப் பார்த்தேன். அலமாரியைத் திறந்தாள், ரவிக்கைகளைப் பார்த்தாள், அவ்வளவுதான். "என் ரவிக்கையெல்லாம் எங்க? வித்துட்டியா?" எல்லாம் அவள் கையிலேயே இருந்தது.

காட்டினேன். அது அவளுடையது இல்லையாம். ஹேங்கரால் அடிக்க வந்தாள்.

நான் செய்தது: ஹேங்கரை வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போய் மூக்கைச் சிந்தினேன். குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், சத்தம் கேட்காமல் இருக்க.

பல்லைப் பிடுங்கினால் நோயும் போய்விடும் என்று நினைத்திருக்கிறேன். ஐம்பத்தாறு வயது, அதுவும் கிளினிக்கில் வேலை. புத்தி இருக்கிறதா?

எவ்வளவு நேரம்: பதினைந்து நிமிடம். மறுபடி பார்த்தேன், பதினைந்துதான். பிறகு வந்து, "ஏன் குழாய தெறந்து வச்சிருக்க, தண்ணி வீணா போவுது" என்று அவளே மூடினாள்.

ஜூலை 23, புதன்

சேகரிடமிருந்து வாட்சப். நீளமாக. சாரம்: சின்னவனுக்குப் பரீட்சை, அவன் வேலை பார்க்கும் துறைமுகத்தில் ஆள் பற்றாக்குறை, கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியுமா. கடைசியில் கும்பிடும் கை.

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போட்ட ஆபரேஷன். இரவில் எதிரே வரும் கார் விளக்கு பூசணிக்காய் அளவுக்குத் தெரிகிறது. அந்தக் கண்ணோடு அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டுகிறேன்.

பதில் போடவில்லை. பாரத்தை எடுத்தேன். "சேர்ப்பதற்கான காரணம்": என்னால் முடியவில்லை. எழுதிவிட்டேன். கட்டத்தில் இடம் மீதி இருந்தது.

ஏழு மணிக்கு மாலதி போன். தனியாக, வெளியே எங்கோ நின்று. பின்னால் வண்டிச் சத்தம்.

"அண்ணி, அவர் போட்டது படிச்சிருப்பீங்க. விடுங்க. நான் வர்றேன்."

"நீயா? உன்னைத்தானே அடிச்சாங்க."

"அதுனாலதான் அண்ணி. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எங்க அண்ணன் சம்சாரம் பாத்தாங்க. போன் பண்ணி அழுவாங்க. நான் இங்கிருந்து, கொஞ்சம் பொறுமையா இருங்கன்னு சொல்லுவேன். அம்மா எங்கிட்ட நல்லாத்தான் பேசும். ஒரு நாளு கூடப் போயி இருந்ததில்ல. அன்னிக்கிக் கன்னத்துல விழுந்தப்பதான், இதத்தான் அவங்க தினமும் வாங்குனாங்களான்னு..."

"புள்ளைங்க?" என்றேன்.

"புள்ளைங்கள அவரு பாத்துக்கட்டும். அவருக்கும் தெரியணும்ல."

ஜூலை 26, சனி

மலாக்கா செண்ட்ரல் பஸ் நிலையத்தில் மாலதியை இறக்கிவிட்டது பஸ். ஒரு பை, ஒரு டப்பா. "முறுக்கு இல்லண்ணி, பயப்படாதீங்க. கேசரி."

அவளுக்காக ஒரு தாளில் எழுதினேன்:

காப்பி, மைலோ எல்லாம் ஆற்றிக் கொடு.
பின்னாலிருந்து தொடாதே. முன்னால் வந்து பெயர் சொல்லு.
இல்லை என்று வாதாடாதே. ரவிக்கை காணோம் என்றால், தேடலாம் வா என்று சொல்லு.
கிராணி பொண்டாட்டி என்றால் ஆமாம் என்று விடு.
வாயில் கை வைத்தால், வயிற்றில் கை வைத்தால், நடக்க மறுத்தால், முதலில் எங்கே வலி என்று பார். கோபம் என்று முடிவு கட்டாதே.
நீ அடித்துவிட்டால்

அந்த வரியை முடிக்கத் தெரியவில்லை. மாலதி எட்டிப் பார்த்தாள். "அடிச்சா ஒங்ககிட்ட வந்து சொல்றேன் அண்ணி." தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

பாரம் இன்னும் இருக்கிறது. கிழிக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை. கண் சரியானதும் தெளிவாகப் படித்துப் பார்க்கலாம்.

ஜூலை 28, திங்கள்

ஆஸ்பத்திரி. காலை 8.15. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். மூன்று முறை விடுவார்களாம். எழுத்து கலங்கும் முன் எழுதிவிடுகிறேன்.

ஏழு மணிக்கு இங்கே இருக்க வேண்டும் என்று, ஆறு மணிக்கே காக் யா கார் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல காற்று. அக்காவை மாலதி ஏதோ சொல்லி உட்கார வைத்திருந்தாள். நான் பையை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல், கேட்டைத் தாண்டிக் காரில் ஏறிவிட்டேன்.

காக் யா என் பக்கக் கதவைச் சாத்தப் போனாள். எங்கிருந்து வந்தாளோ அக்கா. காலில் செருப்பில்லை. காக் யா தோளைப் பிடித்துத் திருப்பி முதுகிலேயே ஓர் அடி. காக் யாவை! இத்தனை நாளில் அவளிடம் முகம் கூடச் சுளித்ததில்லை.

"என் தங்கச்சிய எங்கடி இழுத்துட்டுப் போற? கேக்க ஆளு இல்லன்னு நெனச்சியா? அவளுக்கு அம்மா இல்லன்னா நான் இல்லையா? எறக்கி விடுடி!"

காக் யா பயந்துபோய், "என்ன சொல்றாங்க பத்மா? நான் என்ன செஞ்சேன்?" என்று மலாயில். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மாலதி பின்னாலிருந்து பிடிக்கப் பார்த்து, பின்னாலிருந்து தொடாதே என்பது நினைவு வந்து, சுற்றிக்கொண்டு முன்னால் ஓடி வந்தாள். அக்கா கார்க் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். விடமாட்டேன் என்கிறாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குக்கா. கண்ணு வலிக்குது. வந்துருவேன்."

"யாரு அடிச்சா கண்ணுல?"

"யாரும் அடிக்கலக்கா."

"பொய் சொல்லாத பாப்பா. பேரச் சொல்லு."

மணி 6.25. நேரம் போகிறதே என்று எனக்கு எரிச்சல், பயம். கத்தினேன்கூட. விடுக்கா என்று தெருவே கேட்கும்படி. அவளுக்கு அது காதில் விழவில்லை. கதவைப் பிடித்தபடி, இன்னொரு பக்கம் திரும்பிக் காக் யாவை முறைத்துக்கொண்டு, எனக்குக் காவல் நின்றாள்.

கடைசியில் நான்தான் இறங்கி, அவள் விரலை ஒவ்வொன்றாகக் கதவிலிருந்து பிரித்தேன். மெதுவாக. மாலதி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கார் திரும்பும் வரை அங்கேயே நின்று திட்டிக்கொண்டிருந்தாள். யாரை என்று கேட்கவில்லை.

இருபது நிமிடம் லேட். கவுண்டரில் இருந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பெண்ணே, நீ வந்து ஒரு நாள் இருந்து பார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சாரி என்றேன்.

காக் யா பக்கத்து நாற்காலியில். முதுகைத் தேய்த்துக்கொண்டே சிரிக்கிறாள். நல்ல பலம் உன் அக்காவுக்கு என்கிறாள்.

இரண்டாவது சொட்டு. பேர் கூப்பிடுகிறார்கள், என் பேர்தான்